முன்பல்லுக்குப் பின்னால் ஒரு குழி

மகன்,

நல்ல சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். சுகம்தான். இன்று காலை மானிப்பாயில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து, வலப்பக்க உதடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். ஏழு மாதத்துக்கு முன்னர் போனில் நீ சொன்னாய், "அப்பா, இனி நான் எடுக்கிறன், நீங்கள் எடுக்க வேண்டாம்" என்று. நான் எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை. கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இப்படிச் சட்டம் கதைப்பது என் பழைய குணம், உனக்குத் தெரியும்.

பல் வைத்தியர் ஒரு சின்னப் பிள்ளை, உன்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். ஊசி போட்டு, விறைக்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு என் மேல் முன்பற்களைப் பார்த்தாள். எடுத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். "ஐயா, உங்கடை முன்பல்லுக்குப் பின்னாலை ஒரு குழி இருக்கு, மண்வெட்டியின்ரை உள்வளைவு மாதிரி. சீனா, கொரியா, ஜப்பான் ஆக்களிலைதான் உது கூட. நான் படிக்கேக்கை படத்திலைதான் பாத்தனான். எங்கடை ஆக்களிலை இவ்வளவு ஆழமாக் காணேல்லை" என்றாள். அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. புத்தகத்தில் படித்ததை நேரே கண்ட சந்தோசம் மட்டும்தான். என் வாய் நிறையப் பஞ்சு. நான் ஓம் என்று தலையாட்டினேன். எழுபது வயது தாண்டிய பிறகு, என் அம்மாவைப் பற்றி நான் முதன்முதலாக ஓம் என்று ஒப்புக்கொண்டது அந்தப் பிள்ளையிடம்தான். அவளுக்கு அது தெரியாது.

உனக்கும் ஒன்றும் விளங்கியிராது. நேரே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாச்சி, என்னைப் பெற்றவள், ஒரு சீனப் பெண்.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பக்கத்தில் இருந்து படித்த ஆட்கள் பலர் மலாயாவுக்குப் போய்க் கந்தோரிலும் ரயில்வேயிலும் வேலை செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். அம்மாவை வளர்த்தவர் அப்படிப் போனவர். ஈப்போப் பக்கம் ஒரு ரயில் நிலையத்தில் கிளாக்கர். அவருக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அங்கே கஷ்டப்பட்ட சீனக் குடும்பங்களில் பெண் குழந்தை கூடிவிட்டால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்களாம். எங்கள் ஆட்களும் இந்தியத் தமிழரும் அப்படி வாங்கி வளர்த்த வீடுகள் அங்கே கொஞ்சமில்லை. அம்மாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார், பெற்றவளின் பேர் என்ன என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நடக்கத் தொடங்கிய வயதில் அவளைக் கப்பலில் தெல்லிப்பழைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் தோட்டமும் கிணறும் வெள்ளிக்கிழமைக் கோயிலுமாக வளர்ந்தாள். கோழியை அதட்டினாலும் சரி, என்னை ஏசினாலும் சரி, அவளுடைய பேச்சு முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சுதான். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தன்னை வளர்த்த தகப்பனுக்காக விரதம் இருந்து தலை முழுகுவாள். முகம் மட்டும்தான் வேறு.

எனக்கு அந்த முகத்தில் பாதி வந்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் பெடியள் என்னைச் சீனன் என்பார்கள். பதினைந்து வயதில் ஒருநாள் வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்கவில்லை. "ஓம், நான் சீனத்திதான். என்னைப் பெத்தவள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லவேண்டி இருந்தது, சொல்லிப்போட்டன். இனிக் கேளாதை" என்றாள். நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் பரிசளிப்பு விழா வந்தது. விஞ்ஞானத்தில் எனக்குத்தான் முதல் பரிசு. அம்மா காலையிலேயே நீலச் சேலையை எடுத்து உடுத்துவிட்டாள். நான் படலையடியில் நின்று, "நீங்கள் வரவேண்டாம், அப்பா மட்டும் வந்தால் காணும்" என்றேன். அவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றி, மடித்து, அலுமாரியில் வைத்தாள். அலுமாரிக் கதவு சாத்திய சத்தம் எனக்குக் கேட்டது. பரிசாகக் கிடைத்த புத்தகத்தின் அட்டை இன்றைக்கும் நினைவில் இருக்கிறது, பச்சை நிறம்.

மகன், இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்துத்தான் கதவைச் சாத்திவிட்டு இருந்தேன். உதட்டைக் கடித்தால்கூடத் தெரியாத ஒரு விறைப்பு இன்று காலையில் இருந்து இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது இன்றைக்கு வந்த விறைப்பு இல்லை.

உன் அம்மாவை எனக்குப் பேசி வந்தபோது, அவர்கள் வீட்டில் இருந்து எங்களை விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் ஊரில் கலியாணம் என்றால் சாதகக் குறிப்புப் பொருந்துவது பாதி, விசாரிப்பது மிச்சப் பாதி. ஆருடைய பிள்ளை, தாய் எந்தப் பகுதி, ஆரோடு எடுப்புக் கொடுப்பு என்று அடியோடு கிண்டுவார்கள். அன்றைக்கு அம்மா தனக்குத் தலையிடி என்று அறைக்குள் போய்ப் படுத்தாள். நான் சொல்லவில்லை, தானாகவே போனாள். பதினைந்து வயதில் படலையடியில் நான் சொன்னதை அவள் மறக்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. விளங்கியும் நான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். கலியாணம் ஒப்பேறியது. உன் அம்மாவுக்கு மாமியாரின் முகம் தெரியாதா? தெரியும். ஆனால் சாகும்வரை அவளும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு என் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள்.

உனக்கு முதல் பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். வெள்ளைத் துணி விரித்து உன்னை நடுவில் இருத்தி, தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைப் பல் மாதிரிப் பதித்த கொழுக்கட்டைகளைத் தலையில் கொட்ட, நீ அதில் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாய். எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவின் தங்கை, வயதான மனுசி, உன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணைப் பாருங்கோ, அப்பிடியே உவன்ரை அப்பாச்சியை உரிச்சு வைச்ச மாதிரி" என்றா. ஆசையாகத்தான் சொன்னா. உன் அம்மாவின் ஆட்கள் முழுப்பேரும் அங்கே இருந்தார்கள். நான் எல்லார் முன்னாலும், "தேவையில்லாத கதை கதைக்கிறதெண்டால் வீட்டை போங்கோ" என்றேன். அவ எழும்பிப் போனா. பிறகு எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வரவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பட்டாணிச் செடியின் நெட்டையும் கட்டையும் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுகிற வாத்தியார்.

உனக்கு மூன்று வயதாக இருந்தபோது சண்டையில் ஊரை விட்டு ஓடவேண்டி வந்தது. அதை நீ என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் எங்களுக்கு ஒரு அரை மணித்தியாலமாவது இருந்தது. நான் காணி உறுதி எடுத்தேன், என் சேட்டிபிக்கற்றுகள் எடுத்தேன், உன்னுடைய குறிப்பு எடுத்தேன். அம்மாவின் படம் மண்டபச் சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் தொங்கியது. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு படம்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். பிறகு அந்தப் பகுதி முழுவதையும் ஆமி அடைத்து வைத்திருந்து, கனகாலம் கழித்துத் திறந்து விட்டபோது போய்ப் பார்த்தேன். அந்தச் சுவரே இல்லை. எனக்குக் கவலை வரவில்லை. ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது என்பதுதான் உண்மை, அதை மறைத்து இந்தக் கடிதத்தை எழுதிப் பிரயோசனம் இல்லை.

இவ்வளவும் செய்த ஆள்தான் லீனாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

நீ நோர்வேயில் இருந்து அழைத்து, கொரியாவில் பிறந்து, குழந்தையிலேயே நோர்வேக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை, பேர் லீனா, அவளைத்தான் கட்டப்போகிறேன் என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை.  அடுத்த கிழமை வீடியோவில் அவள் வந்து இருந்தாள். வணக்கம் மாமா என்று சொல்லப் பழகி வந்திருந்தாள். அந்த முகத்தில் என் அம்மாவை நான் கண்டேன் என்று நீ நினைப்பாய். அப்படி ஒன்றும் இல்லை, அவள் வேறு மாதிரி. ஆனால் எனக்குள் கிடந்த பயம் எழும்பிவிட்டது. என் இங்கிலீசில் நான் கேட்டேன், நீ யாருடைய பிள்ளை, உன் ஆட்கள் எந்த ஊர் என்று. தெரியாது என்றாள். பிறந்த தேதியே காப்பகத்தில் மதிப்பிட்டு எழுதியதுதான் என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அது தெரியாமல் வாழப் பழகியிருந்தாள், அதில் ஒரு நிம்மதியும் வைத்திருந்தாள். நான் விடவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் ஏதும் வரக்கூடும், எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் ஒரு கம்பனி மரபணுவைப் பார்த்துச் சொல்கிறதாம், ஒருமுறை பார்ப்பது நல்லது என்றேன். விலங்கியல் வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். நோயைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை, மகன். ஊரில் கேட்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் தேவைப்பட்டது.

கடைசியில் அவள் திருப்பிக் கேட்டாள், "மாமா, உங்கள் ஆட்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று. "நாங்கள் தெல்லிப்பழை. இரண்டு பக்கமும் ஏழு தலைமுறை சொல்லுவேன்" என்றேன். நீ பக்கத்தில் இருந்து அதற்குப் பெருமையாகத் தலையாட்டினாய்.

சோதனை முடிவு வந்ததும் எனக்கு அனுப்பி வைத்தீர்கள். பெரும்பங்கு கொரியா, அடுத்து ஒரு பங்கு ஜப்பான், ஒரு சிறுபங்கு வட சீனம் என்று நிறம் நிறமாகப் போட்டிருந்தது. நான் அதைப் பற்றிப் பிறகுதான் படித்தேன், முன்னர் படித்திருக்க வேண்டும். அந்த நிறங்களைப் போட்டது கம்பனி. இப்போது உயிரோடு இருக்கிற ஆட்களோடு ஒத்துப் பார்த்து, கிட்டத்தட்ட இது என்று சொல்லுகிற கணக்கு அது. கொரியர், ஜப்பானியர், வட சீனர் மூவரும் ஒருவருக்கொருவர் அவ்வளவு கிட்ட, கோடு எங்கே போடுவது என்பது போடுகிறவனின் கையில் இருக்கிறது. ஜப்பானியரிலே பழைய தீவுக்காரரும் இருக்கிறார்கள், பிறகு கொரியக் கரைப் பக்கமாக நெல்லோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். சீனர் என்று ஒரே பேரில் சொன்னாலும் வடக்கில் இருந்து தெற்குக்குப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறார்கள். தெற்கில் இருந்து மலாயாவுக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில்தான் என் அம்மாவும் பிறந்திருப்பாள். அங்கேயும், நாங்கள் கலப்பில்லாத ஒரே குலம் என்று நினைக்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்களாம். படிக்கும்போது எங்கள் ஊர் விசாரிப்புக்காரர் இரண்டு பேரும் அங்கேயும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

அன்றைக்கு இதொன்றும் யோசிக்கவில்லை. அந்த முடிவைக் கடையில் கொடுத்துக் கலரில் அச்சடித்தேன். விசாரித்து வந்த சொந்தக்காரருக்குக் குறிப்புக் காட்டுவதுபோல எடுத்துக் காட்டினேன். "பொடியன் கட்டுற பிள்ளை நல்ல கொரியாப் பரம்பரை, ஆதாரம் இருக்கு" என்றேன். நாலு மூலையிலும் மஞ்சள் பூசாததுதான் மிச்சம். ஒஸ்லோவில் இருக்கிற உன் சித்தி மகன் மூலமாக அது உங்கள் காதுக்கு வந்தது. அதையாவது லீனா பொறுத்துக்கொண்டாள். பிறகுதான் அந்தக் கம்பனி அவளுக்கு ஒரு நெருங்கிய சொந்தத்தைக் காட்டியது. அமெரிக்காவில் இருந்த ஒரு ஒன்றுவிட்ட சகோதரி. அவள் வழியாகப் பெற்ற தாய் கொரியாவில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. லீனா கடிதம் எழுதினாள். பதில் இரண்டு வரியில் வந்தது. சுகமாய் இருக்கட்டும், இனி எழுத வேண்டாம் என்று.

நீ போன் எடுத்துச் சொன்னாய், அவள் வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், ஆனால் கதைப்பதில்லை என்று. "இப்ப உங்களுக்குத் திருப்தியோ அப்பா?" என்று கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதிலை எனக்கு மாற்ற ஏலாது. "எண்டாலும் ஆரெண்டு தெரிஞ்சது நல்லதுதானே" என்றேன். அதற்குப் பிறகுதான் இனி எடுக்க வேண்டாம் என்றாய்.

உன் சித்தி மகன் போன கிழமை வாய்தவறிச் சொல்லிவிட்டான், அடுத்த மாதம் உங்களுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று. அவனை ஏசாதே. தெரிந்ததில் இருந்து நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆசை. அதைச் சுற்றி வளைத்து எழுத வயது இல்லை. பார்க்காமலே செத்துப்போவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்றும் தெரியும். அன்றைக்கு நான் அம்மாவை வரவேண்டாம் என்றேன், இன்றைக்கு நீ என்னை எடுக்க வேண்டாம் என்கிறாய். இரண்டும் ஒன்று இல்லை. உனக்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை.

தகப்பன் என்ற முறையில் ஒரு புத்தி சொல்ல விடு, இதற்குப் பிறகு சொல்லமாட்டேன். பிள்ளைக்கு எதையும் மறைக்காதே. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. தெரியாது என்ற சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் நான் ஒரு மனுசியை அறைக்குள் படுக்க வைத்தேன், இன்னொருத்தியை அவளாகப் போட்டு வைத்த பூட்டைத் திறக்க வைத்தேன். யாராவது வந்து ஆருடைய பிள்ளை என்று கேட்டால் உன்னுடைய பிள்ளை, லீனாவுடைய பிள்ளை என்று சொல்லு, அதுக்கு மேலே கேட்கிறவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உன் நாக்கை மேல் முன்பற்களுக்குப் பின்னால் கொண்டுபோ. நடுவில் ஒரு குழியும் இரண்டு கரையிலும் வரம்பு மாதிரியும் இருக்கிறதா என்று பார். உனக்குப் பால்பல் விழுந்த காலத்தில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, கூரையில் எறிய உன்னிடம் தராமல் நானே எறிந்தேன். அந்தப் பல்லிலும் குழி இருந்தது. படம் இல்லை, பேர் இல்லை, அவளுடையது என்று என்னிடமும் உன்னிடமும் மிச்சம் இருப்பது அதுதான்.

இந்தக் கடிதத்தை லீனாவுக்கு அவள் மொழியில் வாசித்துக் காட்டு. மன்னிப்புக் கேட்டு எழுதிப் பார்த்தேன், நாலு முறை கிழித்தேன். அதற்குப் பதிலாக, அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பொய்யைத் திருத்துகிறேன். அவளிடம் சொல்லு, மாமாவின் தாயைப் பெற்றவள் யார் என்று மாமாவுக்குத் தெரியாது. ஈப்போப் பக்கம் என்பார்கள். தாய் பக்கம் ஒரு தலைமுறைக்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது என்று சொல்லு.

விறைப்பு இறங்குகிறது, பல் பிடுங்கின இடம் நோகத் தொடங்கிவிட்டது. தபால் கந்தோர் மூட முன்னர் போகவேண்டும். பிள்ளைக்குப் பல் முளைத்து, கொழுக்கட்டை கொட்டுகிற நாளில், உனக்கு மனம் வந்தால், விரலை விட்டுத் தடவிப் பார்த்து எனக்குச் சொல்லு. குழி இருந்தாலும் சொல்லு, இல்லாவிட்டாலும் சொல்லு.

அப்பா